தப்பறை எது, தெளிவது எப்படி?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள். அவளுடைய அம்மாவின் கைப்பேசிக்கு வந்த செய்தியைத் தன் கையாலேயே எழுதி எடுத்து வந்திருந்தாள். உலகம் முழுவதும் மூன்று நாள் இருள் சூழும். மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டுமே எரியும். அந்த மூன்று நாளும் கதவையோ சன்னலையோ திறப்பவர்கள் மாண்டுபோவார்கள். இதை இருபது பேருக்கு அனுப்பாதவர் வீட்டில் துக்கம் நேரும். இதுதான் செய்தி.

"மிஸ், எங்கம்மா ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கி வச்சுட்டாங்க. ஆனா அப்பா நைட் ஷிஃப்டுக்கு ஃபேக்டரிக்குப் போவாரு. அந்த நேரத்துல இருட்டாயிட்டா, அவரு வந்து கதவைத் தட்டினா திறக்கலாமா, கூடாதா?"

நான்கு இரவுகளாக அந்தப் பெண் தூங்கவில்லையாம்.

அன்பு மாணவிகளே, போலிப் போதனையைப் பற்றி நம் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி தலைமைச் சகோதரி அவர்கள் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கேள்விதான். தட்டுங்கள், திறக்கப்படும் என்று வாக்களித்தவர் நம் ஆண்டவர். அவர் பெயரைச் சொல்லி வருகிற ஒரு செய்தி, பெற்ற தகப்பனுக்குக் கதவைத் திறக்கலாமா என்று ஒரு குழந்தையைக் கேட்க வைக்கிறது என்றால், அது எங்கிருந்து வந்தது என்று ஆராய வேறு சான்று வேண்டுமா?

இருந்தாலும் ஆராய்ந்து பார்த்தோம். இந்த மூன்று நாள் இருள் பற்றிய கதை, இத்தாலியில் வாழ்ந்து 1837-இல் இறந்த முத்திப்பேறு பெற்ற அன்னா மரியா தைகி என்ற குடும்பப் பெண்மணியின் பெயரால் நெடுங்காலமாக உலவி வருவது. திருச்சபை இதைத் தன் போதனையாக ஒருநாளும் ஏற்றதில்லை. கொள்ளைநோய், போர் என்று எது வந்தாலும் இந்தக் கதை புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். இது எந்தப் புதிய சபையாரும் கொண்டுவந்த சரக்கல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டுக்குள்ளேயே, நம் செபமாலைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தது.

'தப்பறை' என்று ஒரு பழைய சொல் உண்டு. நம் பாட்டிமார் படித்த ஞானோபதேசப் புத்தகங்களில் அடிக்கடி வரும். சத்தியத்தின் தோற்றத்தோடு வரும் தவறான போதனை என்பது அதன் பொருள். இந்தச் சொல்லை நம் முன்னோர் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காரர்மேல் எறியும் கல்லாகவே பயன்படுத்தினார்கள். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை எதிர்த்து வீரமாமுனிவர் நூல்கள் எழுதினார். அவர்களும் சளைக்காமல் எழுதினார்கள். தமிழ் உரைநடைக்கு அது நன்மையாக முடிந்தது என்பது வேறு விஷயம். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டபின் அந்தப் போக்கு நமக்கு உரியதல்ல. எனவே எந்தச் சபை தப்பு என்று பட்டியல் போட நான் வரவில்லை. என்னைக் கேட்டால், தப்பறை பெரும்பாலும் நாம் மதிக்கிறவர்கள் வாயிலிருந்து, நாம் கேட்க விரும்புகிற வார்த்தையாகவே வருகிறது. அதனால்தான் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

கேட்க விரும்பியதை நம்பாமல், போய்ப் பார்த்து வந்த ஒருவர் கதை நம் மலையிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 420 ஆண்டுகளுக்கு முன் மலையாளக் கரையில் ஒரு பேச்சு உலவியது. நீலமலைக்கு மேலே தோடர் என்று ஒரு மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆதியில் கிறிஸ்தவர்கள், குருக்கள் இல்லாமல் வேதத்தை மறந்துவிட்டார்கள் என்பதே அந்தப் பேச்சு. கேட்கக் கேட்க இனிப்பான செய்தி அல்லவா? சேசு சபையைச் சேர்ந்த ஆயர் பிரான்சிஸ்கு ரோஸ் அவர்கள், அதே சபையின் இத்தாலியரான ஃபெனிசியோ அடிகளாரை அனுப்பி வைத்தார். சாலையே இல்லாத 1603-ஆம் ஆண்டில் அவர் காடும் மலையும் ஏறி வந்து, படகரையும் தோடரையும் சந்தித்து, அவர்களுடைய எருமைகளைப் பற்றியும் வழக்கங்களைப் பற்றியும் விசாரித்து, திரும்பிப் போய்க் கடிதம் எழுதினார். கிறிஸ்தவத்தின் அடையாளம் எதுவும் அங்கே இல்லை என்பதே அவர் கண்டது. "சிலுவை போல ஏதோ பார்த்தேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் எல்லோரும் கொண்டாடியிருப்பார்கள். அவர் சேர்க்கவில்லை. இன்று ஆராய்ச்சியாளர்கள் தோடரைப் பற்றிய முதல் ஐரோப்பியக் குறிப்பாக அந்தக் கடிதத்தை மதிக்கிறார்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பற்றிக்கொள்ளச் சொன்ன புனித சின்னப்பரின் அறிவுரைக்கு, நம் மலையில் நடந்த முதல் பாடம் அது என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் உண்டு. கூடலூர் பக்கத்து மாணவிகளின் வீட்டில் மலையாளக் கீர்த்தனங்கள் பாடுவார்கள். அவற்றில் சில யூஸ்துஸ் யோசேப்பு என்பவர் இயற்றியவை. பாலக்காட்டுப் பக்கம் 1835-இல் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த இராமய்யர் அவர். வேதாகமத்தைப் படித்து 1861-இல் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்று, சி.எம்.எஸ். சபையில் குருவும் ஆனார். வித்துவான் குட்டி என்று மக்கள் அன்போடு அழைத்த பண்டிதர். அதே காலத்தில் நம் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற போதகரைச் சுற்றி 1860-இல் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. 1873-இல் அந்த அலை மலை தாண்டித் திருவிதாங்கூருக்குப் போயிற்று. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பாவங்களை அறிக்கையிட்டு அழுதார்கள். அதுவரை நடந்ததைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

1875-இல் அந்தக் கூட்டத்தில் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது: இன்னும் ஆறே ஆண்டில் கிறிஸ்து திரும்ப வருவார். யூஸ்துஸ் யோசேப்பு அதை நம்பினார். ஊர் ஊராகப் போதித்தார். அந்த நாளையும் நேரத்தையும் தந்தையைத் தவிர யாரும் அறியார் என்று ஆண்டவரே சொன்ன இடம் அவருக்குத் தெரியாதா? நம்மில் பலரைவிட அவருக்கு வேதாகமம் நன்றாகவே தெரியும். சபைத் தலைவர்கள் எச்சரித்தார்கள்; அவர் கேட்கவில்லை; பிரிந்து போனார். ஆறாண்டுக் கட்சி என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது. 1881 வந்தது, போனது. வானம் திறக்கவில்லை.

இந்த இடத்தைத்தான் நான் என் மாணவிகளுக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். ஒரு மனிதர் தவறு செய்வது ஆபத்தில்லை. தவறு என்று தெரிந்த நாளில் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. "நான் ஏமாந்தேன், என்னை நம்பியவர்கள் மன்னியுங்கள்" என்று அவர் சொல்லியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். அவரோ ஒரு புதிய யுகம் பிறந்துவிட்டது என்று அறிவித்து, யூயோமயம் என்ற தனிச் சமயத்தையே தொடங்கினார். 1887-இல் இறந்தும் போனார். அவர் வஞ்சகர் அல்லர், காசுக்காகச் செய்தவரும் அல்லர். அவருடைய பாடல்களை இன்றும் கேரளத்துத் திருச்சபைகள் பாடுகின்றன, பாடுவதும் நியாயமே. நல்லவர், படித்தவர், செபிக்கிறவர் என்ற மூன்று சான்றிதழும் இருந்தால் சொல்வதெல்லாம் சத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.

நானும் அப்படி எண்ணியவள்தான். இதுவரை எங்கும் எழுதாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

1989-இல் நான் பத்தாம் வகுப்பு. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் என் பெரியம்மா இருந்தார். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். இருபது வருடம் கொழுந்து பறித்த கை. சர்க்கரை நோய் முற்றி, தோட்டத்து மருந்தகத்தில் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடம் சமவெளியிலிருந்து ஒரு பிரசங்கியார் லைன் வீடுகளுக்கு வந்து செபக் கூட்டம் நடத்தத் தொடங்கினார். எந்தச் சபைக்கும் கணக்குச் சொல்லும் ஆள் இல்லை அவர். கோயிலுக்குப் போகிறவர்கள், போகாதவர்கள் எல்லோரும் போனோம். அவர் உருக்கமாகப் பாடுவார். முதல் கூட்டத்திலேயே என்னைக் காட்டி, "இந்தத் தங்கச்சி முகத்தில் தேவ ஒளி இருக்கிறது" என்றார். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

மூன்றாவது வாரம் பெரியம்மா தலையில் கைவைத்து, நோய் நீங்கிவிட்டது, இனி ஊசி போடுவது அவிசுவாசம் என்றார். மருந்தகத்து நர்ஸ் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த அம்மையார். லைன் வீட்டுக்கே நடந்து வந்து, "செபம் பண்ணுங்க, ஊசியையும் போடுங்க, ரெண்டையும் கடவுள்தானே கொடுத்தார்" என்று கெஞ்சினார். அன்று இரவு பெரியம்மா என்னைக் கேட்டார்:

"பாப்பா, நீ படிச்ச புள்ள. ஊசிய விட்டுரலாமா? நீ என்ன சொல்ற?"

உயிரியல் பாடத்தில் கணையமும் இன்சுலினும் எனக்குத் தெரியும். பரீட்சைக்கு எழுதியவள். ஆனாலும் என் முகத்தில் ஒளியைக் கண்டவர் சொன்னதை நான் எப்படி மறுப்பது? "உங்க விசுவாசப்படியே ஆகட்டும் பெரியம்மா" என்றேன். பக்தியான வாக்கியம்தான். அதைவிடக் கொடிய வார்த்தை ஒன்றை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

காலில் இருந்த சிறு புண் அழுகிவிட்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிரசங்கியாருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வரவில்லை, பதில் மட்டும் வந்தது. பெரியம்மா மனதில் சந்தேகம் இருந்ததாம், அதனால் சுகம் நிலைக்கவில்லையாம். காலைவிட இந்தப் பதில்தான் அவரைச் சாய்த்தது. அதை அவர் நம்பினார். கட்டிலில் படுத்தபடி, எந்த நாளில் எந்த நேரத்தில் சந்தேகப்பட்டோம் என்று எண்ணி எண்ணித் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு போதனையை இனங்காண அன்று நான் கற்ற அடையாளம் இதுதான்: வெற்றி என்றால் போதகருக்கு, தோல்வி என்றால் கேட்டவருக்கு. இந்தக் கணக்கில் போதகர் ஒருபோதும் தோற்க முடியாது. 1881-இல் கிறிஸ்து வராததற்கும், பெரியம்மாவின் கால் போனதற்கும், இருபது பேருக்கு அனுப்பாததால் துக்கம் வரும் என்ற மிரட்டலுக்கும் இதே கணக்குத்தான். சோதிக்கவே முடியாதபடி கட்டி வைத்த பேச்சு அது.

இன்னொரு அடையாளம், அவசரமும் இரகசியமும். இன்றே முடிவு செய், வீட்டில் கேட்காதே, பங்குத் தந்தையிடம் சொல்லாதே, அவர்களுக்கு ஆவி இல்லை என்பார்கள். கேள்வி கேட்டவர்களைப் பாராட்டிய நூல் நம் வேதாகமம். பெரேயா ஊரார், அப்போஸ்தலர் சொன்னதையே மறைநூலில் தேடிச் சரிபார்த்தார்கள் என்று புகழ்ந்து எழுதியிருக்கிறது. சின்னப்பரையே சரிபார்க்கலாம் என்றால், மற்றவர்களைச் சரிபார்க்கக் கூடாதா? பணம் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. கை நீட்டும் இடம் எது, கொடுக்கும் இடம் எது என்பது நம் தாய்மாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இது எங்கே போய் முடியும் என்று கேட்டால், 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானா காட்டில் ஒரு போதகரைப் பின்பற்றிச் சென்ற 900-க்கும் மேற்பட்டோர் நஞ்சால் மாண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறுவர்கள். கென்யாவின் ஷகாஹோலா காட்டில், இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடக்க வேண்டும் என்ற போதனையால் மடிந்தவர்களின் 400-க்கும் மேற்பட்ட உடல்கள் 2023 முதல் தோண்டி எடுக்கப்பட்டன. அவர்களும் முதல் நாள் ஓர் உருக்கமான பாட்டைக் கேட்டுத்தான் உள்ளே போயிருப்பார்கள்.

நம் வீட்டுக்கு வருவோம். குணமளிக்கும் செபக் கூட்டங்களை நம் திருச்சபை தடுக்கவில்லை. ஆனால் அவற்றில் கூச்சலும் நாடகத்தனமும் பரபரப்பும் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உரோமை ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. காட்சிகள், அதிசயங்கள் என்று சொல்லப்படுபவற்றை ஆராய 2024 மே மாதம் புதிய விதிமுறைகள் வந்தன. அவற்றின்படி ஆயர் ஆராய்ந்து தரும் மிகச் சாதகமான முடிவுகூட 'தடையேதுமில்லை' என்பதுதான். இது வானத்திலிருந்து வந்ததே என்று முத்திரை குத்துவது இனி வழக்கமல்ல. உரோமையே இவ்வளவு நிதானமாக நடக்கும்போது, நம் கைப்பேசிகள் மட்டும் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கின்றன?

இப்போது வம்ச சாபம் என்று ஒன்று பரவுகிறது. தாத்தா செய்த பாவத்தால் பேத்திக்குப் படிப்பு ஏறவில்லை, அக்காவுக்குத் திருமணம் கூடவில்லை என்கிறார்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவன் பெற்றோரும் அல்லர் என்று ஆண்டவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். ஸ்பெயின் நாட்டு ஆயர்களும் 2024-இல் இப்படிப்பட்ட வம்ச சாபச் செபங்களை எச்சரித்து எழுதியிருக்கிறார்கள். காந்தல் திருச்சிலுவைத் திருத்தலத்துக்கு நடந்து போகிறோம், எண்ணெயும் தீர்த்தமும் கொண்டுவருகிறோம், நல்லது. அந்தத் தீர்த்தத்தைக் காசநோய் மாத்திரைக்குப் பதிலாகக் கொடுத்தால் அதுவும் தப்பறையே. ஆறு மாதச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால், அடுத்து வருவது மருந்துக்கே அடங்காத காசநோய். சர்க்கரை நோயைத் தீர்க்கும் மாயப் பொருள் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளை வந்து, "இது உண்மையா?" என்று கேட்டால், "சாமி விஷயத்தில் கேள்வி கேட்காதே" என்று அடக்காதீர்கள். வீட்டில் அடங்கிய கேள்வியை வெளியே யாரோ ஒருவர் அன்போடு கேட்டுக்கொள்வார். மாணவிகளுக்கும் ஒன்று: ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அம்மாவை நான் வரவழைத்துப் பேசினேன். அவர் முட்டாள் அல்லர். பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்த தாய். வாங்கிய மெழுகுவர்த்திகளை என்ன செய்வது என்று கேட்டார். குன்னூரில் மின்சாரம் போகாத மழைக்காலம் எது? அதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அப்பா தட்டினால் கதவைத் திறக்கும்படியும் சொன்னேன். மகள் அப்போதுதான் சிரித்தாள்.

பெரியம்மா அதன்பின் இரண்டு வருடம் இருந்தார். கடைசி மாதங்களில் ஒரு முதல் வெள்ளிக்கிழமை, பங்குச் சாமியார் லைன் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவந்தார். வாங்கிக்கொள்ளும் முன் பெரியம்மா கேட்டார்: "சாமி, எனக்கு விசுவாசம் பத்தாமத்தான் கால் போச்சா?"

சாமியார் உடனே பதில் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அம்மா, சின்னப்பருக்கு உடம்பில் ஒரு முள் இருந்தது. எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை ஆண்டவரைக் கேட்டார். எடுக்கவில்லை. அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்வீர்களா?"

"சின்னப்பருக்கேவா?" என்றார் பெரியம்மா. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நற்கருணை வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாப்பா, சாமிக்கு டீ போடு. எனக்கும் ஒரு கிளாஸ். எனக்குச் சக்கரை வேணாம்" என்றார்.